அடிபட்ட காருக்கு மார்க்கெட்டில் விலை குறைவு: அந்த நஷ்டம் யார் தலையில்?

சொந்தக் கம்பெனி கை விரிக்கும். மோதிய வண்டியின் இன்சூரன்சில் கேட்க வழி உண்டு

நெல்லை,

கார் பளபளவென்று நிற்கிறது. பெயிண்டில் முகம் பார்க்கலாம். என்ஜின் சத்தமே கேட்கவில்லை. இருந்தாலும் புரோக்கர் முகத்தில் சிரிப்பு இல்லை.

டிக்கியைத் திறக்கிறார். கார்ப்பெட்டைத் தூக்குகிறார். ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஓரத்து ரப்பரை இழுத்துவிட்டு விரலால் தடவுகிறார். பிறகு நிமிர்ந்து, "அண்ணாச்சி, இது அடிபட்ட வண்டில்லா! சொல்லவே இல்லையே?" என்கிறார்.

"அடி பட்டது நெசந்தான். கம்பெனி ஷெட்டுல விட்டுப் புதுசு மாதிரி பண்ணியாச்சே!"

"பண்ணியிருக்காவ, நான் இல்லைங்கல. ஆனா வாங்குதவன் கேப்பானா? அடிபடாத வண்டின்னா 5 லட்சத்து 90 ஆயிரம் வாங்கித் தந்திருவேன். இதுக்கு 5 லட்சத்துக்கு மேல ஒருத்தனும் வர மாட்டான்."

ரூ.90 ஆயிரம் ஒரே பேச்சில் போய்விட்டது.

மகள் கல்யாணம்

நெல்லை டவுனில் பாத்திரக்கடை நடத்தும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கார் வைத்திருக்கும் எவருக்கும் வரக்கூடிய நிலைமைதான் இது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. மண்டபத்துக்கும் நகைக்கும் பணம் வேண்டும். அதற்காகக் காரை விற்க வந்தார். 8 மாதத்துக்கு முன் கே.டி.சி. நகர் அருகே நான்கு வழிச்சாலையில் வேகத்தைக் குறைத்தபோது பின்னால் வந்த லாரி மோதியது. தப்பு லாரி மீது. காருக்கு அப்போது வயது 2½. டிக்கி நெளிந்தது, பின் கண்ணாடி நொறுங்கியது, பம்பர் கையோடு வந்துவிட்டது. ஆள் தப்பியது கடவுள் புண்ணியம்.

இன்சூரன்சு இருந்தது. ரிப்பேரும் ஆனது. "எல்லாம் முடிஞ்சது" என்றுதான் அவர் நினைத்திருந்தார். முடியவில்லை என்பது புரோக்கர் டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழைய கார் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது கைவந்த கலை.

டிக்கிக் குழியில் கம்பெனி போட்ட மடிப்பு சீராக இருக்கும். தட்டி எடுத்தால் அலை அலையாக இருக்கும். கதவு ரப்பரை இழுத்தால் உள்ளே வரிசையாகப் புள்ளி வெல்டிங் தெரியவேண்டும். அது பட்டியால் மூடியிருந்தால் சந்தேகம். பானட்டை மாட்டும் போல்ட் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணாடியின் ஓரத்தில் உள்ள குறியீடு மற்ற கண்ணாடிகளோடு ஒத்துப் போகவில்லையென்றால் அது மாற்றியது.

போதாக்குறைக்கு இப்போது பெயிண்ட் கனம் பார்க்கும் சிறிய மீட்டர் வந்துவிட்டது. தகரத்தின் மேல் வைத்தால் எங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று எண் காட்டிக் கொடுத்துவிடும். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டிலும் விபத்து வேலை பதிவாகி இருக்கும். மறைத்து விற்கலாம் என்று நினைத்தால், பிறகு வாங்கியவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

பம்பர் மட்டும் கீறியிருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வது இல்லை. சேசிஸ், பில்லர், தரைத்தகடு இவற்றில் வேலை நடந்திருந்தாலோ, ஏர் பேக் வெடித்து மாற்றியிருந்தாலோதான் விலை விழுகிறது. "உள்ளே என்ன இருக்கோ?" என்ற பயத்துக்கு வாங்குபவர் போடும் விலைதான் அந்தக் குறைவு.

கடைக்காரருக்கு இது புரியாத விஷயம் அல்ல. அவர் கடையிலேயே நெளிந்த குடத்தைத் தட்டி நிமிர்த்தி வைத்தால் புதுக் குடம் விலைக்கு யாரும் கேட்பது இல்லை. தண்ணீர் ஒழுகாது, ஆனாலும் விலை குறையும். கார் விஷயத்திலும் அதே நியாயம்தான்.

ரிப்பேர் பில் கணக்கு

முதலில், இன்சூரன்சு கம்பெனி எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்ப்போம்.

ரிப்பேர் பில் மொத்தம் ரூ.1 லட்சத்து 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். இதில் இரும்பு, தகரச் சாமான்கள் ரூ.60 ஆயிரம். பம்பர், பின் விளக்கு முதலிய பிளாஸ்டிக் சாமான்கள் ரூ.40 ஆயிரம். கண்ணாடி ரூ.10 ஆயிரம். பெயிண்டிங் ரூ.24 ஆயிரம். கூலி ரூ.26 ஆயிரம்.

2002-ம் ஆண்டு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் வகுத்த தேய்மானக் கணக்குதான் சாதாரண பாலிசிகளில் இருக்கிறது. அதன்படி ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி இவற்றுக்கு வயது எதுவானாலும் பாதி வெட்டு. கண்ணாடிக்கு வெட்டு இல்லை. மற்ற சாமான்களுக்கு வண்டி வயதைப் பொறுத்து வெட்டு: 6 மாதம் வரை ஒன்றும் இல்லை, ஒரு வருடம் வரை 5 சதவீதம், 2 வருடம் வரை 10, 3 வருடம் வரை 15, 4 வருடம் வரை 25, 5 வருடம் வரை 35, 10 வருடம் வரை 40, அதற்கு மேல் 50. பெயிண்டிங்கை ஒரே தொகையாகப் பில் போட்டால், அதில் கால் பங்கு பெயிண்ட் விலை என்று எடுத்து, அதில் பாதியை வெட்டுவார்கள்.

ஆக, தகரத்தில் ரூ.9 ஆயிரம், பிளாஸ்டிக்கில் ரூ.20 ஆயிரம், பெயிண்டில் ரூ.3 ஆயிரம் வெட்டு. இதற்கு மேல் ஒவ்வொரு கிளெய்முக்கும் கார்க்காரர் தாங்க வேண்டிய கட்டாயத் தொகை ஒன்று உண்டு. 1,500 சி.சி.க்குள் உள்ள காருக்கு அது ரூ.1,000. மொத்தம் ரூ.33 ஆயிரம் கார்க்காரர் கைக்காசு. கம்பெனி கொடுத்தது ரூ.1 லட்சத்து 27 ஆயிரம்.

இதோடு, இரண்டு வருடம் கிளெய்ம் போடாமல் இருந்ததற்குக் கிடைத்த 25 சதவீத போனஸ் தள்ளுபடியும் அடுத்த புதுப்பிப்பில் போய்விட்டது. கிளெய்ம் போடாமல் இருந்தால் அது 35 ஆகியிருக்கும்.

இப்போது புரோக்கர் குறைத்த ரூ.90 ஆயிரத்தையும் சேர்த்தால், தப்பே செய்யாத மனிதருக்கு நஷ்டம் ரூ.1 லட்சத்து 23 ஆயிரம். கார் ஷெட்டில் கிடந்த நாட்களில் வாடகைக் காருக்குக் கொடுத்தது தனி.

சொந்தக் கம்பெனி பதில்

அவர் நேரே தன் இன்சூரன்சு ஏஜெண்டிடம் போனார்.

"தம்பி, வருசா வருசம் உங்களுக்குப் பணம் கட்டுதேன். வண்டி விலை குறைஞ்சு போச்சு. அதையும் நீங்கதான தரணும்?"

"தர முடியாது அண்ணாச்சி. பாலிசியிலயே போட்டிருக்கு, பாருங்க."

உண்மைதான். கார் பாலிசியில் சொந்த வண்டிச் சேதம் பற்றிய பகுதியில், என்னென்னவற்றுக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது. விபத்தின் பின்விளைவாக வரும் நஷ்டம், தேய்மானம், பழசாவதால் வரும் கோளாறு, மெக்கானிக்கல் கோளாறு இவற்றுக்குக் கம்பெனி பொறுப்பு இல்லை என்று அது சொல்கிறது. மார்க்கெட் விலை குறைவு இந்த வேலிக்குள் வந்துவிடும். உடைந்ததைச் சரி செய்து தருவதுதான் ஒப்பந்தம். சரி செய்த பிறகு மார்க்கெட்டில் என்ன விலை போகும் என்பது ஒப்பந்தத்தில் இல்லை.

"தேய்மானம் இல்லாத பாலிசி எடுத்திருந்தா கெடைச்சிருக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது. கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் அந்தப் பாலிசி, சாமான் விலையில் வெட்டும் தொகையை மட்டும்தான் தரும். மேலே சொன்ன கணக்கில் ரூ.32 ஆயிரம் மிச்சம் ஆகியிருக்கும். ரூ.90 ஆயிரம் நஷ்டம் அப்படியே நிற்கும்.

வாங்கிய பில் விலையைத் தரும் இன்னொரு கூடுதல் பாலிசியும் உண்டு. அது கார் திருட்டுப் போனாலோ, முழுக்க நாசமானாலோதான் உதவும். முழு நாசம் என்றால், ரிப்பேர் செலவு பாலிசியில் போட்டிருக்கும் காரின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும்.

ரிப்பேர் பில்லில் கம்பெனி அநியாயமாக வெட்டிவிட்டது என்றால் அது வேறு சங்கதி. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்சு குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 2023-ல் அவருடைய அதிகார வரம்பு ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் பாலிசியே தராத விலைக்குறைவை அவரும் வாங்கித் தர முடியாது.

அப்படியானால் வழியே இல்லையா?

மோதியவன் கொடுக்கவேண்டும்

வழி இருக்கிறது. லாரிக்காரருக்கும் பாத்திரக்கடைக்காரருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் கிடையாது. எனவே "பாலிசியில் இல்லை" என்ற பேச்சு அங்கே எடுபடாது. தப்பு செய்தவர், தப்பால் வந்த நஷ்டத்தை ஈடு செய்யவேண்டும் என்பது பொதுச் சட்டம். விபத்துக்கு முன் என்ன நிலையில் இருந்தாரோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலையில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 165-வது பிரிவு, விபத்து நஷ்டஈடு கோர்ட்டுகளை அமைக்கச் சொல்கிறது. உயிர்ச் சேதம், காயம் இவற்றுக்கு மட்டும்தான் அந்தக் கோர்ட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிறர் சொத்துக்கு வந்த சேதத்துக்கும் அங்கே மனுப் போடலாம். கார் ஒரு சொத்துதான். 168-வது பிரிவு "நியாயமான நஷ்டஈடு" கொடுக்கச் சொல்கிறது.

சொத்துச் சேதம் ரூ.2 ஆயிரத்துக்கு மேல் போனால், மனுதாரர் விரும்பினால் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம் என்று அதே சட்டம் சொல்கிறது.

எந்த ஊரில் மனுப் போடுவது? விபத்து நடந்த ஊரிலும் போடலாம். மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். எதிராளி இருக்கும் ஊரிலும் போடலாம். லாரி நாமக்கல் வண்டி என்பதற்காக நாமக்கல்லுக்கு ஓட வேண்டியது இல்லை. பாளையங்கோட்டையில் உள்ள கோர்ட்டு வளாகமே போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நஷ்டத்தைக் கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகக்கூடாது. திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக பஸ் விபத்தில் பயணி ஒருவர் இறந்த வழக்கு நுகர்வோர் மன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. மோட்டார் விபத்து நஷ்டஈட்டுக்கு உரிய இடம் விபத்து நஷ்டஈடு கோர்ட்டுதான், நுகர்வோர் மன்றத்துக்கு அதில் அதிகாரம் இல்லை என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. சொந்தக் கம்பெனியோடு உள்ள தகராறுக்குத்தான் நுகர்வோர் கோர்ட்டு.

ரூ.6 ஆயிரமா, ரூ.7½ லட்சமா?

மோதிய வண்டியின் பாலிசியில் பார்க்கவேண்டிய ஒரு வரி உண்டு. பிறர் சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு வரை என்பதுதான் அது.

1988 சட்டம் முதலில் வைத்த கட்டாய அளவு வெறும் ரூ.6 ஆயிரம். 2002 கட்டண விதிகள் அதைக் கார், லாரி போன்றவற்றுக்கு ரூ.7½ லட்சமாகவும், இரு சக்கர வண்டிகளுக்கு ரூ.1 லட்சமாகவும் விரிவாக்கின. கூடவே, பிரீமியத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ரூ.6 ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்ளவும் இடம் வைத்தன.

ரூ.7½ லட்சம் என்று இருந்தால் கம்பெனி பதில் சொல்லவேண்டும். ரூ.6 ஆயிரம் என்று இருந்தால் மீதியை லாரி உரிமையாளர் தன் பையிலிருந்து கொடுக்கவேண்டும். எனவே மனுவில் உரிமையாளர், கம்பெனி இருவரையும் எதிர்க்கட்சியாகச் சேர்ப்பது முக்கியம்.

மோதியது அரசு பஸ் என்றால்? அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொண்டு கட்டாய இன்சூரன்சிலிருந்து விலக்குப் பெற சட்டத்தின் 146-வது பிரிவு இடம் தருகிறது. அப்படி விலக்குப் பெற்ற பஸ் என்றால் கழகத்தின் மீதே மனுப் போடவேண்டும்.

6 மாதக் கெடு

இங்கேதான் பாத்திரக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார்.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2022 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலுக்கு வந்த அந்தத் திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் நஷ்டஈடு மனுப் போடவேண்டும். கெடு ஆரம்பிப்பது காரை விற்கும் நாளில் அல்ல, விபத்து நடந்த நாளில். அவரோ 8 மாதம் கழித்து, விற்க வந்தபோதுதான் நஷ்டத்தையே தெரிந்துகொண்டார்.

இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன. கெடு தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அந்த உத்தரவு கடைக்காரர் போன்றவர்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. வழக்கின் இன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, 6 மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

காரை விற்றுக் காட்டினால்தான் நஷ்டம் என்பது இல்லை. ரிப்பேர் முடிந்த வாரமே மதிப்புக் குறைவை எழுதி வாங்கிவிடலாம்.

ரூ.90 ஆயிரம் என்று எப்படி நிரூபிப்பது?

"புரோக்கர் சொன்னார்" என்றால் கோர்ட்டில் செல்லாது. இன்சூரன்சு வக்கீல் எழுந்து, "புரோக்கர் குறைத்துத்தான் கேட்பார், அது வியாபாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த நஷ்டத்துக்கு என்று தனிச் சூத்திரம் எதுவும் கிடையாது. சாட்சியத்தைப் பார்த்துத்தான் கோர்ட்டு முடிவு செய்யவேண்டும். எனவே கையில் இருக்க வேண்டியவை:

லைசென்சு பெற்ற சர்வேயர் அல்லது மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை. அதில் இரண்டு விலை இருக்கவேண்டும். விபத்துக்கு முந்திய நாள் இந்தக் கார் என்ன விலை போயிருக்கும்? ரிப்பேர் முடிந்த நாளில் என்ன விலை போகும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேட்கும் தொகை. இன்சூரன்சு கம்பெனி அனுப்பும் சர்வேயர் ரிப்பேர் செலவைத்தான் எழுதுவார். இது அவர் வேலை அல்ல. தனியாக ஒருவரை வைக்கவேண்டும். தேவைப்பட்டால் அவர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லவும் தயாராக இருக்கவேண்டும்.

பழைய கார் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை. அதே மாடல், அதே வருடம், அதே அளவு ஓடிய அடிபடாத கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்ற விளம்பரங்கள். ரிப்பேர் பில் முழுவதும், எந்தெந்தத் தகடு மாற்றியது, எது வெல்டிங் செய்தது என்ற விவரத்தோடு. சர்வீஸ் புத்தகம்.

இவை எல்லாவற்றுக்கும் முன், தப்பு லாரி மீதுதான் என்பதை நிரூபிக்கவேண்டும். அது இல்லையென்றால் மற்றது எல்லாம் வீண்.

வெளிநாட்டில் எப்படி?

இது நெல்லையில் மட்டும் உள்ள தலைவலி அல்ல.

இங்கிலாந்தில் 1974-லேயே மேல் கோர்ட்டில் இந்தக் கேள்வி வந்தது. நன்றாக ரிப்பேர் செய்த பிறகும் விலை குறைந்தது என்று நிரூபித்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வழக்கைப் போட்டவர் நிரூபிக்கத் தவறினார், பணம் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பல ஆண்டுகளாகக் கோர்ட்டுகள் மோதியவரிடமிருந்து இந்த நஷ்டத்தை வாங்கிக் கொடுக்கின்றன.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் ஒரு படி மேலே போனது. சொந்தக் கம்பெனியே இந்த நஷ்டத்தையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2001-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலிருந்து கம்பெனிகள் ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டன. கார் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் நஷ்டம் இல்லை என்று உச்சவரம்பு. அதைச் சேதத்தின் அளவாலும், ஓடிய தூரத்தாலும் மேலும் குறைப்பார்கள்.

பாத்திரக்கடைக்காரர் காரை இந்தத் தராசில் வைத்தால்? ரூ.5 லட்சத்து 90 ஆயிரத்தில் 10 சதவீதம் ரூ.59 ஆயிரம். நடுத்தரச் சேதத்துக்குப் பாதி என்றால் ரூ.29,500. கார் 38 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியிருந்தால் அதில் 80 சதவீதம். கடைசியில் ரூ.23,600!

புரோக்கர் கணக்கு ரூ.90 ஆயிரம். கம்பெனிச் சூத்திரம் ரூ.23,600. உண்மை நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதனால்தான் சாட்சியம் வேண்டும் என்கிறார்கள்.

ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பணம் கிடையாது

சொந்தக் கம்பெனியிடம் வாங்கிய ரூ.1 லட்சத்து 27 ஆயிரத்தை லாரிக் கம்பெனியிடமும் கேட்க முடியாது. அந்தத் தொகையை லாரிக்காரரிடம் வசூலிக்கும் உரிமை, அதைக் கொடுத்த கம்பெனிக்குப் போய்விடுகிறது. கார்க்காரர் கேட்கக்கூடியது தன் கையை விட்டுப் போனதை மட்டும்தான்: ரூ.33 ஆயிரம் வெட்டு, வாடகைக் கார் செலவு, விலைக்குறைவு.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ரிப்பேர் பணம் கொடுக்கும்போது, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு லாரிக் கம்பெனியின் வக்கீல் அதை எடுத்துக் காட்டி, "எல்லாம் தீர்ந்துவிட்டதே!" என்பார். எனவே கையெழுத்துப் போடும்போது, "என் பாலிசியின் கீழ் ரிப்பேருக்கு மட்டும், மற்ற நஷ்டங்களை எதிர் வண்டிக்காரரிடம் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று பேனாவால் எழுதி, அதற்கு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் மிதந்தன. ஜங்ஷன் பஸ் நிலையம் தண்ணீருக்குள் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயிலே நடுவழியில் நின்றது. வாசலில் நிறுத்தியிருந்த கார்கள் என்ன ஆகும்?

வெள்ளச் சேதத்துக்கு முழு பாலிசி பணம் தரும். பிறருக்கு மட்டும் எடுத்த பாலிசி தராது. ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, என்ஜினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால், அது பின்விளைவு நஷ்டம் என்று கம்பெனி கை விரிக்கலாம். என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் தப்பலாம். தண்ணீரில் நின்ற காரைச் சாவி போடாமல் இழுத்துத்தான் போகவேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார் என்று தெரிந்தால் விலை விழும். அந்த நஷ்டத்தைக் கேட்க அங்கே எதிர்க்கட்சியே கிடையாது. ஆற்றின் மீது மனுப் போட முடியுமா?

ரோட்டோரத்தில் அந்த 10 நிமிடம்

விபத்து நடந்தவுடன் கூட்டம் கூடும். லாரிக்காரர் இறங்கி வருவார். "ஆளுக்கு ஒண்ணும் ஆகலைல்லா அண்ணாச்சி! போலீஸ், கேஸ்னு எதுக்கு? இந்தாங்க 5 ஆயிரம், பேசி முடிச்சிருவோம்" என்பார். கூட்டமும், "விடுங்க, பாவம்!" என்று சொல்லும்.

அந்த 5 ஆயிரத்தை வாங்கினால் கதை அங்கேயே முடிந்தது.

வாங்காதவர்கள் செய்யவேண்டியது: இரண்டு வண்டியும் நம்பர் தெரிய நிற்கும் நிலையில் போட்டோ. லாரியின் ஆர்.சி., இன்சூரன்சு, டிரைவர் லைசென்சு இவற்றுக்குப் போட்டோ. போலீஸ் கேட்டால் விவரங்களைக் கொடுக்க டிரைவர் கடமைப்பட்டவர் என்று சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. பிறகு போலீஸ் நிலையத்தில் புகார், அதற்கு ரசீது. லாரிக்காரர் நழுவிவிட்டாலும், நம்பர் தெரிந்தால் போதும். நஷ்டஈடு கேட்பவருக்கு வண்டி விவரமும் இன்சூரன்சு விவரமும் கொடுக்க வேண்டியது போலீஸ் நிலையத்தின், ஆர்.டி.ஓ. ஆபீசின் பொறுப்பு என்று 160-வது பிரிவு இருக்கிறது.

எல்லோருக்கும் லாபமா?

10 வருடம் ஓடிய காருக்கு, பம்பர் உடைந்ததற்கு இந்த அலைச்சல் வேண்டாம். மதிப்பீட்டாளர் பீஸ், வக்கீல் பீஸ், கடையைச் சாத்திவிட்டுக் கோர்ட்டுக்குப் போகும் நாட்கள், எல்லாம் சேர்த்தால் கைக்கு எதுவும் மிஞ்சாது. புதிய கார், தப்பு முழுக்க எதிராளி மீது, சேசிஸ் வரை அடி என்றால்தான் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

மனுப் போட்ட பிறகு மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் வாய்ப்பு வரும். அங்கே முடிவானால் அப்பீல் கிடையாது. பணம் சீக்கிரம் வரும். கேட்ட தொகை முழுவதும் வராது; ஆனால் வருடக்கணக்கில் அலையவும் வேண்டாம். ஒரு கை பார்ப்பதா, ஒத்துப்போவதா என்பதை அவரவர் வசதிதான் தீர்மானிக்கும்.

பாத்திரக்கடைக்காரர் காரை 5 லட்சத்துக்கே கொடுத்துவிட்டார். கல்யாணம் காத்திருக்காது. ஆனால் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்தார். ஒரு சர்வேயரைக் கூட்டி வந்து டிக்கிக் குழி முதல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அறிக்கை வாங்கினார். விற்ற ரசீதில், "விபத்தில் அடிபட்டு ரிப்பேர் செய்த கார்" என்று எழுதச் சொன்னார். இரண்டையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"கெடைக்குமாவே?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார்.

"கெடைக்குதோ இல்லையோ, கேக்காம விட முடியுமா? நம்ம கடைக் குடத்தை ஒருத்தன் நெளிச்சா, தட்டித் தந்துட்டேன்னு சொன்னா மட்டும் விடுவமா?"

குடத்துக்கு உள்ள நியாயம் காருக்கும் வேண்டும் என்பதே அவர் வழக்கு.